ஏறிட்டியா?

சாயங்காலம் ஆறேகால் மணி... ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற புறவழிச் சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது, கடை கிடையாது. வெளிச்சம் என்று பார்த்தால் ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் குடியிருப்பு. இடது பக்கம்... அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள், சாரல் அடிக்கிறது. இந்த மழை இப்போதைக்கு விடாது. பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்கிற நாம் எட்டுப் பேருமே பைக்காரர்கள், அதனால்தான் சொல்கிறேன். காரில் போகிறவனுக்கு இது புரியாது.

எனக்கு நடந்ததில்லை. என் நண்பனுடைய அக்கா கணவருக்கு நடந்தது. நண்பன் அவரை மாமா என்பான், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டடம். எல்லாம் பைக்கில்தான். டேங்க் மேல் டூல் பை, முதுகில் வெயில். சிக்னலில் இன்னும் மூன்று விநாடி இருக்கும்போதே பின்னால் ஹாரன் அடிப்பார்கள். போய்ச் சேர்ந்தால், ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோனதற்கு இவர்தான் காரணம் என்பது போலத் திட்டுவார்கள். சரி பண்ணிக் கொடுத்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுத்த கட்டடத்திலிருந்து போன் வந்திருக்கும், "இன்னுமா கிளம்பல?" என்று.

அவருக்கு நாள் முழுக்க இருந்த ஒரே நல்ல நேரம் சாயங்காலம் அந்த அரை மணி நேரம்தான். அக்கா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கடை வாசலில் மாமா வண்டியை நிறுத்துவார். அக்கா இடது ஃபுட்ரெஸ்டைக் காலால் தட்டி விரிப்பாள். டக். ஏறுவாள். வண்டி பின்னால் லேசாக அமுங்கும். அப்புறம் ஒரு விரல்... மாமாவின் சட்டைக் காலரில் பின்பக்கம் எப்போதும் ஒரு லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை உள்ளே தள்ளிவிடும். அதுதான் சிக்னல். ஏறியாச்சா என்று அவர் கேட்டதில்லை, போகலாம் என்று அவளும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் இப்படியேதான்.

பின்னால் உட்காருவதிலும் அக்கா கெட்டிக்காரி. நமக்கெல்லாம் தெரியுமே, சில பேர் வளைவில் நாம் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து உயிரை வாங்குவார்கள். அக்கா அப்படியில்லை. அவர் சாய்ந்தால் சாய்வாள், நிமிர்ந்தால் நிமிர்வாள். பின்னால் ஆள் இருப்பதே தெரியாது.

அன்றைக்கு மாமாவுக்கு விடிந்ததிலிருந்தே எதுவும் சரியாக இல்லை. ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர் எல்லோரும் பார்க்க நாற்பது நிமிஷம் அவரை நிற்க வைத்துக் கத்தியிருந்தார். வழியில் வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது. அக்காவை ஏற்றிக்கொண்டு அந்த பங்க்கில் போய் வரிசையில் நின்றார். அக்கா இறங்கி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனாள்.

பெட்ரோல் போட்டாயிற்று. வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். மனசெல்லாம் அந்தச் செயலாளரிடமே இருந்தது. அந்த ஆளிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

பின்னால்... டக்.

வண்டி அமுங்கியது. இடது தோளில் ஒரு கை விழுந்தது. மாமா கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே போனார். பின்னாலிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை. காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்தார். சாலை பிரிகிற இடத்தில் வலது பக்கம் சாய்த்தார், வண்டி இடது பக்கம் இழுத்தது. "ஒழுங்கா உக்காரு" என்று அதட்டிவிட்டு மறுபடி புலம்ப ஆரம்பித்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கு என்று திரும்பிப் பார்த்தால்... யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தால் ஒன்பது மிஸ்டு கால்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். பொண்டாட்டியை பங்க்கில் விட்டுவிட்டு வந்த ஆள் என்று அந்தத் தெருவே ஒரு வாரம் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போனவர் திரும்பி வருகிறவரைக்கும் நாற்பது நிமிஷம் அங்கே நின்றிருக்கிறாள். டயருக்குக் காற்று அடிக்கிறவர் பாவப்பட்டு ஒரு ஸ்டூல் கொடுத்தாராம். அந்த ஸ்டூல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்பாள். காலையில் சொல்வாள், சாப்பிடும்போது சொல்வாள், விளக்கை அணைத்த பிறகும் ஒரு தடவை சொல்வாள்.

மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "நீ ஏறினே. வண்டி அமுங்குச்சு. லிஃப்டுல எத்தனை கிலோ ஏறுதுன்னு எடை பாக்கறதுதானே என் பொழப்பே, எனக்குத் தெரியாதா? அம்பத்தஞ்சு கிலோ இருக்கும்."

"நான் நாப்பத்தெட்டு" என்றாள் அக்கா. அதோடு எடைப் பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

லேபிளை அன்றைக்கு யாரும் உள்ளே தள்ளவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும், என்று மாமா பிற்பாடு நூறு தடவை சொல்லியிருப்பார்.

அதிலிருந்துதான் வண்டி படுத்த ஆரம்பித்தது. பின் ஃபுட்ரெஸ்ட்... இடது பக்கத்தது... மடக்கி வைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்து பார்த்தால் விரிந்து கிடக்கும். வண்டியைத் தள்ளும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடிக்கும். ட்யூப் ரப்பரை வெட்டி இறுக்கிக் கட்டினார். ரப்பர் அறுந்து கிடந்தது. கம்பி போட்டுக் கட்டினார். கம்பி நேராகப் பிரிந்து, தரையில் கிடந்தது.

ஐம்பத்திரண்டு கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் நாற்பத்திமூன்றுக்கு வந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். அவர் பின் டயரைத் தடவிப் பார்த்தார், ஷாக் அப்சார்பரை அமுக்கிப் பார்த்தார். இது டபுள்ஸ் போகிற வண்டி, அதுதான் குடிக்கிறது என்றார். நான் தனியாகத்தான் போகிறேன் என்று மாமா குரலை உயர்த்தினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சரி சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர் வீட்டுக்காரர் ஒருவர், லிஃப்ட்காரர் இப்போது யாருக்கோ தினமும் லிஃப்ட் கொடுக்கிறார் போலிருக்கிறதே என்று கண்ணடித்தார். அது அக்கா காதுக்குப் போய், அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாடே இல்லை. இன்னொரு நாள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு இறங்கினார். வாசல் காவலாளி, "மேடத்தை உள்ள உக்காரச் சொல்லியிருக்கலாமே சார், ரெண்டு மணி நேரமா வெயில்ல வண்டிலயே உக்காந்திருக்காங்க" என்றார். எந்த மேடம் என்று மாமா கேட்டார். காவலாளி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலமானால் அந்த வாடை. மழையில் நனைந்த ஹெல்மெட்டை நாலு நாள் வெயிலில் காட்டாமல் வைத்தால் உள்ளே ஸ்பாஞ்ச் ஒரு வாடை அடிக்குமே, அது. பிடரிக்குப் பின்னாலிருந்து வரும். அப்புறம் சாலை பிரிகிற இடத்தில் ஒரு இழுப்பு. தினமும் இடது பக்கம். ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டித்தான் வலது பக்கம் திருப்ப வேண்டும்.

நியாயமாகப் பயம் வந்திருக்க வேண்டும். மாமாவுக்கு வந்தது எரிச்சல்தான். வேலையில் திட்டு, ரோட்டில் ஹாரன், வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. இதில் பின்னால் ஒன்று உட்கார்ந்துகொண்டு மைலேஜைத் தின்கிறது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா மறுபடி அந்த சீட்டில் ஏறி உட்கார வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். ஒரே ஒரு தடவை அந்த பங்க்குக்கு வா, நீயே கண்ணால் பார், அப்புறம் ஆயுசுக்கும் பஸ்ஸிலேயே போ என்றார். சனியன் பிடித்த இந்தப் பேச்சு இதோடு ஒழியட்டும் என்று அக்காவும் வந்தாள். பஸ்ஸில் வந்தாள்.

ஆறேகால் மணி. மாமா வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருந்தார். அக்கா அவருக்கு எதிரே, காற்று அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

டக்.

வண்டி அமுங்கியது. நாள் முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீறல் பார்க்கிறவள் அவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பின் டயர் கொஞ்சம் பிதுங்கியதைப் பார்த்தாள். சீட்டின் ரெக்சினில் ஒரு பள்ளம் விழுந்ததைப் பார்த்தாள். மாமாவின் சட்டை இடது தோளில் ஐந்து விரல் அளவுக்குச் சுருங்கியதையும் பார்த்தாள்.

வேறு யாராவது ஓடியிருப்பார்கள். அக்கா கூட்டமான பஸ்ஸில் தன் சீட்டுக்காகச் சண்டை போடுகிறவள். நேராக நடந்து வந்தாள். கத்தவில்லை. சீட்டைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"அது என் எடம். எறங்கு."

வண்டி எழும்பவில்லை. அக்கா ஒரு விநாடி பார்த்தாள். அப்புறம் அவளே ஏறினாள், மாமாவோடு ஒட்டி, இருந்த கொஞ்சம் இடத்தில். ஒரு விரல் வந்து லேபிளை உள்ளே தள்ளியது. மூன்று வாரத்துக்குப் பிறகு. மாமா கியரைப் போட்டார்.

வண்டி மூட்டை ஏற்றியது மாதிரி போனது. சாலை பிரிகிற இடம் வந்தது. இழுத்தது. மாமா ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார். அக்கா அவர் காதருகே சொன்னாள்: "அது கேக்கற பக்கமே போங்க. கொண்டு போய் விட்டுட்டு வந்துடலாம். தொல்லை விட்டுது."

இடது பக்கம் திருப்பினார்.

அது ரோடே இல்லை. குண்டும் குழியும். இருநூறு மீட்டர் போனதும் ஒரு இரும்பு கேட், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ பழைய கிடங்கு. ஹெட்லைட் வெளிச்சத்தில் கேட்டின் துரு மட்டும் தெரிந்தது. பூச்சிச் சத்தம் கூட இல்லை. அந்த ஹெல்மெட் வாடை குப்பென்று அடித்தது...

வண்டி பின்னால் எழும்பியது. யாரோ இறங்கினால் எழும்புமே, அப்படி.

திரும்பிப் பார்க்க மாமாவுக்குத் தைரியம் இல்லை. "எறங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"ம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் ஒருத்தர் பாரம்தான் இருந்தது. மாமா வழியெல்லாம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாராம். வீட்டு வாசலில் அக்கா இறங்கி உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அக்கா கைப்பையோடு வண்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். பஸ் பேச்சே இல்லை. மாமா தனியாகப் போகும்போது ஃபுட்ரெஸ்ட் மடக்கினது மடக்கினபடி இருந்தது. மைலேஜ் ஐம்பத்திரண்டுக்கு வந்தது. வீட்டில் சண்டையில்லை, சத்தமில்லை. என் நண்பனுடைய அம்மா, மகளுக்கு இப்போதுதான் பொறுமை வந்திருக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மாமா மட்டும் நாலாவது நாள் கவனித்தார். லேபிளை யாரும் உள்ளே தள்ளவில்லை.

மறந்திருப்பாள் என்று நினைத்தார். அடுத்த நாள் வேண்டுமென்றே காலர் லேபிளை நன்றாக வெளியே இழுத்துவிட்டுப் போனார். அக்கா ஏறினாள். வண்டி அமுங்கியது. இடது தோளில் ஒரு கை விழுந்தது. சாயங்காலம் வரைக்கும் லேபிள் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த அமுக்கம்... எடை பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. ஐம்பத்தைந்து.

சாலை பிரிகிற இடத்தில் அவர் வலது பக்கம் சாய்ந்தார். பின்னால் அக்கா இடது பக்கம் சாய்ந்தாள்.

மாமாவுக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. எந்தப் பேச்சைக் கேட்டு மூன்று வாரம் காதைப் பொத்திக்கொண்டாரோ, அதே பேச்சுக்காகக் காத்திருந்தார். "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே." ஒரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது. வரவே இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவரே வாயைக் கிண்டினார். அன்னிக்கு பங்க்ல உன்னை விட்டுட்டு வந்துட்டேனே, கோபம் போயிடுச்சா என்று.

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பரவால்லைங்க" என்றாள். "அதான் வந்துட்டேனே."

யாரிடம் போய்ச் சொல்வார்? என் நண்பனிடம் சொன்னார். அவன் அவரைத்தான் திட்டினான், அக்கா நிம்மதியாக இருப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லையா மாமா என்று. எனக்குச் சொல்லும்போது அவனே அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். ஊரே ஒரு பக்கம், மாமா மட்டும் ஒரு பக்கம். ஆத்திரத்தில் ஹெல்மெட்டைச் சுவரில் எறிந்து உடைத்திருக்கிறார். அதற்கும் பழி அவர் மேல்தான்.

அப்புறம் அவர் ஒரு வேலை செய்தார். சனிக்கிழமை தோறும் தனியாகக் கிளம்புவார். ஆறேகாலுக்கு அந்த இரும்பு கேட்டுக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்துவார். இஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். இடது ஃபுட்ரெஸ்டைத் தன் கையாலேயே விரித்து வைப்பார். உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்பார்:

"ஏறிட்டியா?"

பதில் இருக்காது. இருட்டுகிற வரைக்கும் கேட்பார். அப்புறம் ஃபுட்ரெஸ்டை மடக்காமலே திரும்பி வருவார். ஏழு சனிக்கிழமை இப்படிப் போயிற்று.

எட்டாவது சனிக்கிழமை தூறல். இன்றைக்குப் போல இல்லை, லேசாக. "ஏறிட்டியா?" என்று கேட்டார். இனிமேல் வர வேண்டாம், எல்லோரும் சொல்வது போலத் தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக் கிளட்சைப் பிடித்தார்.

வண்டி அமுங்கியது. கொஞ்சம்தான். நாற்பத்தெட்டு.

ஒரு விரல். ஐஸ் மாதிரி சில்லென்று. பிடரியில் பட்டு, லேபிளை உள்ளே தள்ளியது.

மாமா அழுதார். முதல் கியரிலேயே மெதுவாக, குழியெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். தெரியாமல் விட்டுவிட்டேன், தெரியாமல் விட்டுவிட்டேன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். சாலை பிரிகிற இடத்தில் வீட்டுப் பக்கம் சாய்ந்தார். பின்னாலும் கூடவே சாய்ந்தது. ஆள் இருப்பதே தெரியவில்லை.

இதற்கு மேல் மாமா சொன்னதில்லை. என் நண்பன் அன்றைக்கு அந்த வீட்டில்தான் இருந்தான். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், கண்ணால் பார்த்தான். மாமா வண்டியை நிறுத்திப் புது ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் ஈரம், சிரிப்பு. குழி ரோட்டில் குலுங்கி வந்ததில் காலர் லேபிள் மறுபடி வெளியே வந்திருந்தது. பின் சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் டயர் அமுங்கியிருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அக்கா வந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள். கத்தவில்லை. தணிந்த குரலில் சொன்னாள்:

"அது என் எடம். எறங்கு."

மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த லேபிள்... தானாக மடிந்து, காலருக்குள்ளே போயிற்று. யாரோ அவசரமில்லாமல், விரலால் நன்றாக அழுத்திவிட்டது மாதிரி.

வண்டி மெல்ல எழும்பியது. ஃபுட்ரெஸ்ட் மடங்கியது.

டக்.